சுவீடன் போகிறவர்களின் பணப்பை



பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் பெற்றோர் நம் சபையில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். முன்பெல்லாம் வளைகுடா நாடுகள், சிங்கப்பூர் என்று இருந்த பயணங்கள் இப்போது சுவீடன்வரை நீண்டுவிட்டன. இந்தக் கோடையில் மட்டும் மூன்று குடும்பத்தார் ஸ்டாக்ஹோமுக்கும் கோதன்பர்க்குக்கும் புறப்பட ஆயத்தமாகிறார்கள். "கையில் எவ்வளவு குரோனா கொண்டுபோகலாம், ஐயா?" என்பது மூவரும் என்னிடம் கேட்ட கேள்வி. திருச்சபைக் கூட்டம் ஒன்றை முன்னிட்டு உப்சாலாவில் பத்து நாள் தங்கியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இவ்வாரம் எழுதுகிறேன். போதகர் பணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடிவில் காணிக்கை கேட்பார் என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

என் பதில் சுருக்கமானது. கையில் மிகக் குறைவாகவும், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள அட்டையில் போதிய அளவும் கொண்டுபோங்கள். "சொந்தப் பெயரில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தாயார்.

அவர் வேறொரு சபையைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காகக் கோதன்பர்க் சென்றார். மகனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று ஓய்வூதியத்தில் சேர்த்துவைத்த தொகையைச் சென்னையிலேயே மாற்றி, பத்து 500 குரோனா நோட்டுகளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சென்ற வாரமே பேரனைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டான். இவர் நோட்டை நீட்ட, கடையில் இருந்த இளம்பெண் மிகுந்த பணிவோடு தலையசைத்துவிட்டு அட்டைக் கருவியைச் சுட்டிக்காட்டினாள். இவரிடம் அட்டை இல்லை. மாலையில் மகன் இதைக் கேட்டுச் சிரித்து, "அம்மா, உங்களுக்கு எதற்கு அந்தக் கவலை, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதன்பின் அவர் பேருந்தில் ஏற வேண்டுமானால் மருமகளிடம் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் ஒரு காபி குடிக்க வேண்டுமானாலும் யாராவது உடன் வர வேண்டும். ஊர் திரும்பியபின் என்னிடம் சொன்னார்: "முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கினவள் ஐயா நான். மூன்று மாதம் என் கையால் பேரப்பிள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தரவில்லை." பத்து நோட்டுகளும் பையில் அப்படியே இருந்தன. நோட்டில் யாரோ ஒரு பாட்டுக்கார அம்மாவின் படம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிர்கிட் நில்சன் என்ற புகழ்பெற்ற ஓபரா பாடகி அவர்.

நல்ல பணம்தான், கள்ள நோட்டும் இல்லை, காலாவதியானதும் இல்லை. ஆயினும் ஏற்பார் இல்லை. இது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். சுவீடனின் சட்டப்படி நோட்டும் நாணயமும் செல்லுபடியாகும் பணமே. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் எப்படிப் பணம் செலுத்துவது என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ள அதே சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே கடைவாசலில் "இங்கே ரொக்கம் வாங்குவதில்லை" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் போதும். 'கொன்டான்ட்ஃப்ரிட்' என்ற சொல்லைக் கதவிலோ கல்லாவின் அருகிலோ கண்டால் பொருள் அதுதான். உணவகம், அருங்காட்சியகம், முடிதிருத்தும் நிலையம், ரயில் நிலையக் கழிவறை எனப் பல இடங்களில் அட்டை ஒன்றே வழி. ஸ்டாக்ஹோம் நகரப் பேருந்து ஓட்டுநர் ரொக்கம் வாங்குவதில்லை. சுரங்க ரயில் வாயிலில் வங்கி அட்டையையே தொட்டு நுழையலாம். பெரிய மளிகை அங்காடிகள் பலவற்றில் மட்டும் இன்னும் நோட்டு ஏற்கிறார்கள். அந்நாட்டு மத்திய வங்கியின் ஆய்வின்படி, தாம் கடைசியாக வாங்கிய பொருளுக்கு ரொக்கம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 2010இல் 39 விழுக்காடு. 2020இல் 9 விழுக்காடு. 2013இல் ஸ்டாக்ஹோமில் வங்கி ஒன்றைக் கொள்ளையிடப் புகுந்தவன், அந்தக் கிளையில் ரொக்கமே வைப்பதில்லை என்று ஊழியர் சொல்லக் கேட்டு வெறுங்கையோடு திரும்பிய செய்தியை நீங்களும் படித்திருக்கக்கூடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஐரோப்பாவில் முதன்முதலாகக் காகித நோட்டு அச்சிட்ட நாடே இதுதான். 17ஆம் நூற்றாண்டில் அங்கே வெள்ளி குறைவு, செம்பு மிகுதி. செம்பின் மதிப்பு குறைவாகையால் நாணயம் தகடாகிவிட்டது. 1644இல் அடித்த 10 டாலர் மதிப்புள்ள செம்புத் தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அதைச் சுமந்து சந்தைக்குப் போக யாரால் முடியும்? 1661இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்று தகடுக்குப் பதிலாகக் காகிதம் கொடுக்கத் தொடங்கியது. கைக்கு மிஞ்சி அச்சிட்டதால் சில ஆண்டுகளில் நொடித்தும் போனது. அந்த அனுபவத்தின் பின் 1668இல் நிறுவப்பட்டதே இன்றைய ரிக்ஸ்பேங்க். உலகில் இன்றும் இயங்கும் மத்திய வங்கிகளுள் அதுவே மிகப் பழமையானது.

இப்போது செய்யவேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில், சுவீடன் 1995 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது. 2003 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் யூரோ வேண்டாம் என்றார்கள். ஆகவே குரோனாதான். கடந்த சில ஆண்டுகளில் ஒரு குரோனா ஏறக்குறைய 7 முதல் 10 ரூபாய்க்குள் ஏறி இறங்கியிருக்கிறது. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அதே பெயரில் தனித்தனிப் பணம் உண்டு, மதிப்பு வேறு. 1873இல் சுவீடனும் டென்மார்க்கும் தொடங்கி, பின்னர் நார்வேயும் சேர்ந்த பொது நாணய ஏற்பாடு முதல் உலகப்போரோடு சிதைந்துவிட்டது. பிள்ளைகள் உங்களைப் பாலத்தின் வழியே கோபன்ஹேகனுக்கு அழைத்துப்போனால், சுவீடன் நோட்டு அங்கே உள்ளூர்ப் பணம் அன்று. பின்லாந்தில் மட்டும் யூரோ.

முன்பு போய்வந்த உறவினர் எவரேனும் "என்னிடம் கொஞ்சம் குரோனா மீதி இருக்கிறது, எடுத்துப்போங்கள்" என்று கொடுத்தால் ஆண்டைக் கேளுங்கள். 2015இலும் 2016இலும் புதிய நோட்டுகள் வந்தன. பழைய 20, 50, 1000 குரோனா நோட்டுகள் 2016 ஜூன் 30உடனும், பழைய 100, 500 நோட்டுகள் 2017 ஜூன் 30உடனும் செல்லாமல் போயின. பழைய 1, 2, 5 குரோனா நாணயங்களுக்கும் 2017ஆம் ஆண்டின் அதே நாள்தான் கெடு. 10 குரோனா நாணயம் மட்டும் இன்றும் செல்லும். பழைய நோட்டை ரிக்ஸ்பேங்குக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி மாற்றலாம் என்றாலும் சிறு தொகைக்கு அந்த அலைச்சல் தகாது.

அட்டை விஷயத்தில் பொறுமையாக ஒருநாள் செலவிடுங்கள். நம் நாட்டு வங்கிகள் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்து, நாளொன்றுக்கு எவ்வளவு என்ற வரம்பையும் நீங்களே வைக்கலாம். விமானம் ஏறியபின் இதைச் செய்ய முயன்று தவித்தவர்களை நான் அறிவேன். ஏனெனில் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கே வரும், அந்த எண்ணோ ரோமிங் இல்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும். குறுஞ்செய்தி வரும் அளவுக்காவது ரோமிங்கைத் திறந்துவைத்துப் புறப்படுங்கள். நம் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் ஓடுகிற யுபிஐ, இன்றைய நிலையில் சுவீடன் கடைகளில் ஓடாது. ரூபே அட்டை ஒன்றை மட்டும் நம்பிப் போவதும் நல்லதன்று. விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒன்று பையிலும் மற்றொன்று பெட்டியிலும் இருப்பது நலம்.

சாதாரண அட்டையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு செலவுக்கும் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். பல அட்டைகளில் இது 3.5 விழுக்காடுவரை, அதன்மேல் ஜிஎஸ்டி. மூன்று மாதத் தங்கலுக்கு ஃபாரெக்ஸ் கார்டு பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அதில் குரோனாவை ஏற்ற முடியுமா என்று கேட்டே வாங்குங்கள். யூரோவையோ டாலரையோ ஏற்றிக்கொண்டு சுவீடனில் செலவழித்தால் மீண்டும் ஒரு மாற்றுக் கட்டணம் விழும். நோட்டாகக் கொண்டுபோக விரும்பினால், ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரை அந்நிய நோட்டுகளுக்கு அனுமதி உண்டு. இந்திய ரூபாய் 25,000வரை கையில் இருக்கலாம். அவ்வளவு தேவைப்படாது.

இன்னொன்று. ஏடிஎம்மிலோ கடையிலோ "ரூபாயில் செலுத்துகிறீர்களா, குரோனாவிலா?" என்று கருவி கேட்கும். ரூபாயைக் கண்டதும் நம் மனம் குளிரும். சொந்த ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் இருக்கும். ஆனால் அந்த ரூபாய்க் கணக்கு கருவியை வைத்திருப்பவர் தம் இலாபத்தைச் சேர்த்துப் போட்ட கணக்கு. எப்போதும் குரோனாவையே தெரிவுசெய்யுங்கள். 400 குரோனாவுக்குள் இருக்கும் செலவுக்கு அட்டையைத் தொட்டாலே போதும்; அதற்கு மேல் பின் எண் கேட்கும். எண்ணைத் தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வைக்கும் பழக்கம் நம் மூத்தோர் சிலருக்கு உண்டு. வேண்டாம், புறப்படுமுன் இங்கேயே நாலைந்து முறை பயன்படுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

விலைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. குறிக்கப்பட்ட விலையில் வரி அடங்கியிருக்கும். உணவகத்தில் அன்பளிப்பு கொடுப்பது கடமையில்லை. கருவி கேட்டாலும் தாண்டிச் செல்லலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் அருமையானது. புட்டித் தண்ணீர் வாங்குவது வீண். இவற்றையெல்லாம்விடக் கடினமானது, ஒவ்வொரு விலையையும் ரூபாயாக்கிப் பார்க்கும் நம் மனக்கணக்கு. ஒரு காபி நானூறு ரூபாயா என்று திகைத்து, "எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எதிரில் அமர்ந்திருக்கும் மகளுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை என்பது தெரியும். அங்கே காபியோடு சேர்ந்து உட்கார்ந்து பேசுவதை 'ஃபீகா' என்கிறார்கள். வேலை நேரத்தில்கூட அதற்கென்று இடைவேளை உண்டு. மகள் தன் நாளில் அரைமணி நேரத்தை எடுத்து உங்களுக்குத் தருகிறாள். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்னதாகவே ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குள் இருக்கும்வரை பெருக்கல் வாய்பாட்டை மறந்துவிடுங்கள். ஒருமுறையாவது அந்தக் காபிக்கு உங்கள் அட்டையைத் தொடுங்கள்.

ஆலயத்துக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். உப்சாலாவில் நான் ஆராதித்த ஞாயிறன்று, பாட்டு எண்களைக் காட்டும் பலகைக்கு அருகில் இன்னொரு நீளமான எண் எழுதியிருந்தது. அது 'ஸ்விஷ்' எண். 2012இல் சுவீடன் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கைபேசிப் பணப்பரிமாற்றம் அது. நம் யுபிஐயின் அண்ணன் என்று சொல்லலாம். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் காணிக்கைப் பாட்டின்போது கைபேசியை எடுத்துத் தட்டினார். ஆனால் ஸ்விஷுக்கு அந்நாட்டு வங்கிக் கணக்கும் அடையாள எண்ணும் வேண்டும், வந்துபோகிறவர்களுக்கு வழியில்லை. நல்லவேளையாகப் பல ஆலயங்களின் வாசலில் அட்டை ஏற்கும் காணிக்கைக் கருவி நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சில ஆலயங்களில் நுழைவுக் கட்டணமும் உண்டு. ஸ்டாக்ஹோம் பழைய நகரின் பேராலயம் அத்தகையது. ஜெபிக்க வந்தேன் என்று சொன்னால் வாங்கமாட்டார்கள். உப்சாலாப் பேராலயத்துக்குக் கட்டணமில்லை.

அந்தக் கருவியின் முன் நின்றபோது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசை ஆண்டவர் கவனித்தார் என்று வாசிக்கிறோம். அவள் கையில் அன்று ஓர் அட்டைக் கருவியை நீட்டியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள். சுவீடன் சபையாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கொடுத்த காசுகளை நாம் அறிவோம். தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயராக 1921இல் பொறுப்பேற்ற ஹியூமன் சுவீடன் நாட்டவர். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை என்ற பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. அந்நாட்டுக் கிராமச் சபைகளில் தட்டில் விழுந்த சில்லறை இத்தனை தூரம் வந்திருக்கிறது. அந்த ஆலயங்களுக்கு நம் தாய்மார் போகும்போது, தட்டுக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார நேரிடக்கூடாது என்பதே என் கவலை.

ரொக்கம் மறைந்ததால் தடுமாறுகிறவர்கள் நம் பெற்றோர் மட்டுமில்லை. அந்நாட்டு முதியோர், புதிதாக வந்த அகதிகள், வங்கிக் கணக்கு இல்லாத யாவரும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். வீடில்லாதவர்கள் தெருவில் விற்கும் பத்திரிகைக்கு இப்போது அவர்களே அட்டைக் கருவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். பிச்சை கேட்பவரிடம் "என்னிடம் சில்லறை இல்லை" என்று சொல்வது அங்கே பொய்யாக இராது. ஆனாலும் கேட்கும்போது நெஞ்சைத் தொடத்தான் செய்கிறது. பொது மருத்துவமனைக் கட்டணத்தை ரொக்கமாகவும் வாங்கவேண்டும் என்று 2015இல் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 முதல் பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடக்கூடாது என்று சட்டமும் வந்தது. போரோ பேரிடரோ வந்தால் என்ன செய்வது என்று அரசு வீடுதோறும் அனுப்பிய கையேட்டில், கொஞ்சம் ரொக்கத்தை வீட்டில் வைத்திருங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. மின்சாரம் நின்றால் கருவி நிற்கும் அல்லவா? பக்கத்து நார்வே ஒருபடி மேலே போய், 2024 அக்டோபர் முதல் கடைகளில் ரொக்கம் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தால் வலுப்படுத்தியிருக்கிறது. எனக்கு நார்வேக்காரர்களின் முடிவு பிடித்திருக்கிறது.

ஆகையால் நீங்களும் நானூறு, ஐந்நூறு குரோனாவை 20, 50, 100 நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். 1000 குரோனா நோட்டு வேண்டாம். அதை மாற்றித்தர ஆள் தேட வேண்டியிருக்கும். ஆனால் யாரிடமாவது அந்த நோட்டைக் கண்டால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் இருப்பவர் டாக் ஹாமர்ஷோல்ட், ஐ.நா. பொதுச்செயலராக இருந்து, 1961இல் ஆப்பிரிக்காவில் சமாதானப் பணிக்காகச் சென்ற வழியில் விமான விபத்தில் மாண்டவர். அவர் தனியே எழுதிவைத்திருந்த ஜெபமும் சிந்தனையும் அடங்கிய நாட்குறிப்பு மரணத்துக்குப் பின்னரே வெளியானது. நாட்டின் மிக உயர்ந்த நோட்டில் அவரை வைத்தார்கள். அதைக் கையில் எடுப்பவர்தான் அரிது.

நாணயங்களுக்கும் ஓர் இடம் உண்டு. தெற்கே கார்ல்ஸ்க்ரோனா என்ற துறைமுக நகரில், கடற்படை ஆலயத்தின் வாசலில் ரோசன்பொம் என்ற மரத்தாலான கிழவர் நிற்கிறார். வறியோருக்கான காணிக்கைப் பெட்டி அவர். தலையிலுள்ள தொப்பியைத் தூக்கினால் காசு போடத் துளை இருக்கும். கொடுங்குளிரில் அந்த ஆலயத்தருகே உறைந்து இறந்த ஓர் ஏழையின் உருவம் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். பழைய சிலை ஆலயத்தினுள்ளே பத்திரமாக இருக்க, வெளியே நிற்பது அதன் பிரதி. பிள்ளைகள் அந்தப் பக்கம் அழைத்துப்போனால் பேரக்குழந்தையைத் தூக்கிப்பிடித்து அந்தத் தொப்பியைத் தூக்கச் சொல்லுங்கள். பத்து குரோனா நாணயம் ஒன்றை முன்னதாகவே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது மீந்த நாணயங்களை நம் ஊர்ப் பணமாற்றுக் கடைகள் வாங்குவதில்லை. நோட்டை வாங்கினாலும் குறைந்த விலைக்கே வாங்குவார்கள். கடைசி வாரத்தில் மளிகை அங்காடியில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் மீதியிருந்தால் ஊர் வந்தபின் வங்கியில் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறவாமல் மூடிவிடுங்கள்.